நாலு சக்கரத்துச் சீட்டு

ஒற்றைப்படைத் தேதியில் கிழக்கோரம், இரட்டைப்படைத் தேதியில் மேற்கோரம். நூல்கடை வீதியில் வண்டி நிறுத்த இப்படி ஒரு சட்டம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர் நகராட்சியாக இருந்தவரை நின்ற இடமெல்லாம் வண்டி, கிடந்த இடமெல்லாம் துணிமூட்டை. மாநகராட்சி என்று பெயர் மாறியதும், ரோட்டின் ஓரத்தையும் ஏலம் விடலாமே என்று யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றிவிட்டது. வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் நின்றால் கட்டணம், தாண்டி நின்றால் அபராதம். முப்பத்தொன்றுக்கு மறுநாள் ஒன்றாம் தேதி வருகிறதே, இரண்டும் ஒற்றைப்படையாயிற்றே, அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்ட பட்டன் கடைக்காரருக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பாண்டியம்மாளுக்கு அந்த இரண்டு தேதிகளும் பிடிக்கும். அன்று ஒரு விடியலில் மட்டும் இட்லி வண்டியை ரோட்டைக் கடத்தித் தள்ள வேண்டியதில்லை. மற்ற நாளெல்லாம் மகன் ராஜ்கமல் முன்னால் இழுக்க, அவள் பின்னால் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளுவாள். இட்லிக் கொப்பரை, சாம்பார் போசி, தண்ணீர்க் குடம், அடுப்பு எல்லாம் ஏற்றிய வண்டி லேசில் நகராது.

கமுதிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து பதினாலு வருஷம். புருஷன் சாயப்பட்டறையில் நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வண்டிதான் சோறு போட்டது. காலையில் இட்லி, பருப்பு வடை. பத்து மணிக்குமேல் தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு. புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு. அன்று பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் தெற்கத்தி ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்வார்கள். கடை முதலாளிகளுக்காக அரிசிம்பருப்புச் சாதமும் பழகிக்கொண்டாள். "ஏனக்கா, நம்ம ஊட்டுல ஆக்குனாப்பலயே இருக்குதுங்" என்று அவர்கள் சொன்னால் அன்று முழுக்க அவளுக்குப் பசிக்காது. வீதியில் எந்நேரமும் பஞ்சுத் தூசு பறக்கும். அது சட்னியில் விழாமல் துணி போட்டு மூடுவதும் திறப்பதுமே பாதி வேலை.

ஏலம் எடுத்தவர் பொங்கியண்ணன். அடிக்கிற ஆளில்லை, வைகிற ஆளுமில்லை. மரியாதையாகப் பேசியே மனுஷனை ஒரு வழி பண்ணிவிடுவார். ஏலம் முடிந்த மறுநாள் வேட்டி மடிப்புக் கலையாமல் வண்டி முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, நல்லாருக்கீங்ளா? வண்டிய எடுத்துப் போடோணுமுங்களே."

"எங்கிட்டுங்கய்யா எடுத்துப் போடுறது? பதினோரு வருசமா இங்கனக்குள்ளதேன நிக்கிறேன்."

"நின்னீங்க, ஆருங்க இல்லைன்னா? இப்ப இது காரு நிக்கற எடமுங்க. நானு கவருமெண்டுக்குப் பணத்தக் கட்டி எடுத்திருக்கறனுங்க. ஒரு காரு நிக்கற எடத்துல நீங்க நின்னுட்டா, ரெண்டு மணி நேரத்துக்குப் பத்து ரூவா எனக்கு நட்டமுங்ளே."

பாண்டியம்மாளுக்கு வயிற்றெரிச்சலில் வாய் வந்துவிட்டது. "இதுவும் வண்டிதேன். பாருங்க, நாலு சக்கரம் இருக்குல்ல!"

பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிஜமாகவே ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார்.

"அதுஞ் செரிதானுங்க. அப்ப நாலு சக்கரத்துச் சீட்டுப் போட்டுக்குங்க. ஏழுலருந்து ஒரு மணி மட்டுக்கும் மூணு சீட்டு, முப்பது ரூவா. நானும் உங்களைய ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன், நீங்களும் சட்டப்படி நின்னாப்பல ஆச்சு."

சீட்டுக் கிழிக்க அவர் போட்டிருந்த ஆள் சோணைமுத்து. அவனும் கமுதிக்காரன்தான். கட்டிங் மாஸ்டராக இருந்து, கண் மங்கி வேலை போய், பொங்கியண்ணன் காலில் விழுந்து இந்த வேலைக்கு வந்தவன். குடியிருப்பதும் பொங்கியண்ணனின் லைன் வீட்டில்தான். அவன் கையில் இரண்டு புத்தகம் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கு வெள்ளைச் சீட்டு, நாலு சக்கரத்துக்கு மஞ்சள் சீட்டு. தேதி, மணி, வண்டி நம்பர் மூன்றும் எழுதி, சீல் வைத்துக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அடியில் கார்பன் பிரதி தங்கும்.

முதல் நாள் மஞ்சள் புத்தகத்தைத் திறந்துவிட்டு அவன் தலையைச் சொறிந்தான்.

"ஆத்தா, நம்பரு எழுதணுமே. நம்பரு இல்லாத சீட்டு செல்லாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு."

"இட்லி வண்டிக்கு ஏதுண்ணே நம்பரு?"

"ஏதாச்சும் ஒண்ணச் சொல்லு. கட்டம் ரொம்புனாப் போதும்."

அவள் மகனுடைய மொபெட் நம்பரைச் சொன்னாள். நாலு நாலு ஒண்ணு ஏழு. லேபிள் கடையில் டெலிவரி வேலை பார்த்த ராஜ்கமல், அந்த டிவிஎஸ் மொபெட்டைப் பழையதாக வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சோமனூரில் தறி வைத்திருந்த ஒருவரின் வண்டி அது. பேர் மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாள் போனது.

"அது ரெண்டு சக்கரத்து நம்பராச்சேத்தா" என்று சோணைமுத்து சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுதினான். அவளும் சிரித்தாள். ஒரு தட்டில் நாலு இட்லி வைத்துக் கெட்டிச் சட்னி ஊற்றிக் கொடுத்தாள். அதற்கு அவள் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் வாங்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு டிராபிக் போலீஸ்காரர் லத்தியால் வண்டியைத் தட்டி, "எடு, எடு" என்றார். அவள் மஞ்சள் சீட்டை நீட்டினாள். அவர் சீலைப் பார்த்தார், சீட்டைத் திருப்பிக் கொடுத்தார், போய்விட்டார். அவ்வளவுதான். பதினோரு வருஷமாகப் போலீசுக்குப் பயந்தே பிழைத்த பொம்பளைக்கு அன்று உலகமே தன் பக்கம் வந்தது மாதிரி இருந்தது. அதன்பின் ஒரு சீட்டையும் அவள் தூரப் போடவில்லை. கம்பியில் குத்திக் குத்தி வைத்தாள். நிலம் வைத்திருப்பவர்கள் பத்திரத்தை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் அவள் அந்தக் கம்பியைப் பார்த்தாள். பாவி, காகிதத்தை நம்பினாள்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. அக்டோபர் பதினாலு, புதன்கிழமை. போனஸ் வாங்கிய ஜனம் வீதியில் இடித்துக்கொண்டு போனது. ராஜ்கமல் விடியலில் வண்டியை மேற்கோரத்துக்கு இழுத்துவிட்டான். "கொழம்பு எடுத்து வையிம்மா, மத்தியானம் வந்து திங்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

காலை பத்தேகாலுக்குப் பல்லடம் ரோட்டில், ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஆள் ஏற்றும் வேன் அவனைப் பின்னாலிருந்து அடித்தது. நிற்கவில்லை. தார் ரோட்டில் கிடந்தபடியே வேனின் முதுகில் எழுதியிருந்த கம்பெனிப் பேரை அவன் படித்தான். பார்த்த ஜனம் பத்துப் பேர் இருக்கும். தூக்கி ஆட்டோவில் போட்டவர்கள் இந்திக்காரப் பையன்கள். தீபாவளி லீவில் அவர்கள் ரயிலேறிப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு மறதி வந்துவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லி, அன்றே எடுத்தும்விட்டார்கள். தீபாவளியன்று ஊரெல்லாம் வெடிச்சத்தம் கேட்க, அவன் கட்டிலில் கட்டுப் போட்ட முழங்காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இருபத்திரண்டு வயது.

மறுவாரம் கம்பெனி மேனேஜர் ஆப்பிள் பையோடு வார்டுக்கு வந்தார். திருமூர்த்தி என்று பேர். நெற்றியில் திருநீறு, குரலில் தேன்.

"கண்ணு, இப்பத் தேவலையா? வலி எப்புடிங் இருக்குது?" என்று ராஜ்கமலைக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, எங்க வேன் அன்னிக்கி ஷெட்ட உட்டே எடுக்கலீங்க. ஆனாலும் மனுசத்தனம்னு ஒண்ணு இருக்குதுங்களே. எங்க மொதலாளி பத்தாயிரம் குடுக்கச் சொன்னாருங்க. கேசு, கோர்ட்டுன்னு நீங்களும் அலைய வேண்டாம் பாருங்க."

பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெரியவர் விவரம் தெரிந்தவர். கேஸ் நின்றால் வேனுக்கு இருக்கும் இன்சூரன்சில் லட்சக்கணக்கில் வரும், நல்ல செயற்கைக்கால் போடலாம், உட்கார்ந்து செய்கிற தொழில் ஏதாவது வைக்கலாம் என்று முதல் நாளே அவர் அவளுக்குச் சொல்லியிருந்தார். கேஸ் நின்றால் மகன் நிற்பான். அவ்வளவும் அதில்தான் இருந்தது.

"பத்தாயிரத்துக்கு எம்புள்ள கால நான் விக்கலங்கய்யா" என்றாள் பாண்டியம்மாள். "ஆப்பிளயும் எடுத்துக்கிட்டுப் போங்க."

திருமூர்த்தி முகம் மாறாமல் எடுத்துக்கொண்டு போனார்.

ராஜ்கமலுக்கு அன்றுதான் முகத்தில் ரத்தம் வந்தது. "விட்றாதம்மா. பேரப் படிச்சேன்ல. ஏட்டய்யாகிட்ட ஒரு எழுத்து விடாமச் சொல்லியிருக்கேன்" என்றான்.

அடிபட்ட பதினைந்தாம் நாள் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். வாசலில், நெளிந்த சக்கரத்தோடு அந்த மொபெட் கிடந்தது. அதைப் பார்க்காமல் உள்ளே போனாள். ஏட்டு மேசைக்கு எதிரே திருமூர்த்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு நாற்காலி இல்லை.

"ஏம்மா, ஆர்சி புக்கு சோமனூர்க்காரன் பேர்ல இருக்கு. அவனக் கேட்டா வித்துப் பல மாசமாச்சு, யாருகிட்ட வித்தேன்னு ஞாபகம் இல்லங்கிறான். லேபிள் கடை ஜெபக்குமாரு, அன்னிக்கு உன் மகன் லீவுன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"லீவா? அந்தக் கடை லேபிளக் கொண்டுபோய்க் குடுக்கத்தேனய்யா போனான்!"

"அந்தக் கம்பெனிக்குத்தான் அவரு லேபிள் சப்ளை பண்றாரு. அவரு பொழப்ப அவரு பாக்கறாரு. அத விடு. இந்த வண்டி உங்க வண்டிதாங்கிறதுக்கு என்ன ஆதாரம்? ஒரு காகிதம் காட்டு பாப்போம்."

பாண்டியம்மாளுக்கு அப்பாடா என்று இருந்தது. இதற்குத்தானா இவ்வளவு? துணிப்பையை மேசைமேல் வைத்துத் திறந்தாள். கேட்பார்களோ என்னவோ என்று விடியலிலேயே கம்பியோடு எடுத்து வந்திருந்தாள். எட்டு மாதத்துச் சீட்டு.

"பாருங்கய்யா. நாலு நாலு ஒண்ணு ஏழு. அம்புட்டும் எங்க நம்பருதேன். ஒரு நாள் தவறாமக் காசு கட்டியிருக்கேன். சீலு இருக்கு பாருங்க."

ஏட்டு இரண்டு மூன்று சீட்டைப் புரட்டினார். "ம். ரெகுலராத்தான் போட்டிருக்கே" என்றார். அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்த மாதிரிதான் இருந்தது.

திருமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏட்டய்யா, ஒரு நிமிசமுங்க. அந்தப் பதினாலாந் தேதிச் சீட்டு இருக்குதுங்ளா, பாருங்க."

இருந்தது. ஏட்டு அதைக் கம்பியிலிருந்து உருவி, வெளிச்சத்தில் பிடித்து, சத்தமாகப் படித்தார். "பதினாலு பத்து ரெண்டாயிரத்து ஒம்பது. காலை ஒம்பதுலருந்து பதினொண்ணு. நூல்கடை வீதி. வண்டி நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழு."

"ஏம்மா. உன் மகன வேன் அடிச்சது எத்தன மணிக்கு?"

"பத்தேகாலுங்கய்யா."

"எங்க?"

"பல்லடம் ரோட்டுல."

"பத்தேகாலுக்கு வண்டி நூல்கடை வீதியில நின்னுருக்கே. நீயே ஆதாரம் குடுத்துட்டியே."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கை தானாகக் கம்பியைப் பிடித்து இழுத்தது. ஏட்டு விடவில்லை.

"அய்யா, அது இட்லி வண்டிக்குப் போட்ட சீட்டுங்கய்யா! இட்லி வண்டிக்கு நம்பரு இல்லன்னு எம்மகன் நம்பரச் சொன்னேன். பாருங்க, மஞ்சச் சீட்டு. மஞ்சன்னா நாலு சக்கரம். மொபெட்டுக்கு ரெண்டு சக்கரந்தேன? வெள்ளைச் சீட்டுல்ல போடுவாக? கலரப் பாருங்கய்யா!"

"கலரெல்லாம் நான் கோர்ட்டுல சொல்ல முடியாதும்மா. நம்பர் பேசும்."

"ஏதாச்சும் கேசு கெடைக்கும்னு எங்கியோ உழுந்த வண்டிய ரோட்டுல கொண்டாந்து போட்டிருப்பாங்களுங்க" என்றார் திருமூர்த்தி, யாரையும் பார்க்காமல். "பாவமுங்க. கஷ்டம் மனுசனை என்னென்னமோ செய்யச் சொல்லுமுங்க."

"சோணைமுத்து அண்ணனக் கூப்புட்டுக் கேளுங்கய்யா. எழுதுனது அவருதேன். அவரு சொல்லட்டும்."

போன் போட்டார்கள். அரை மணி நேரத்தில் சோணைமுத்து வந்தான். கூடவே பொங்கியண்ணனும் வந்தார். திருமூர்த்தியைப் பார்த்து, "வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க?" என்று பொங்கியண்ணன் கேட்டபோதே, இருவரும் உறவு என்று பாண்டியம்மாளுக்கு விளங்கிவிட்டது.

ஏட்டு சீட்டை நீட்டினார். "உன் கையெழுத்தா?"

"ஆமாங்கய்யா."

"இந்த நம்பர் வண்டி அன்னிக்கு அங்க நின்னுச்சா?"

சோணைமுத்து சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். அவன் எழுத்தைப் படிக்க அவனுக்கே கஷ்டம்தான்.

"அண்ணே" என்றாள் பாண்டியம்மாள். "சொல்லுண்ணே. எட்டு மாசமா எங்கையாலதேன தின்ன? நின்னது இட்லி வண்டிதேன்னு ஒரு வார்த்த சொல்லு. எம்புள்ளைக்குக் கால் இல்லண்ணே."

பொங்கியண்ணன் மெதுவாகச் சொன்னார். "சோணைமுத்து, உள்ளதச் சொல்லுப்பா. நிக்காத வண்டிக்கு நீயா நம்பர் எழுதிச் சீட்டுப் போட்டிருந்தா, அது கள்ளச் சீட்டு. அதுக்கு உன்னையத்தான் உள்ள வெப்பாங்க. லைன் ஊட்டுல உம்பட சம்சாரம், ரெண்டு புள்ளைங்க இருக்கறாங்க. யோசிச்சுச் சொல்லு, ஒண்ணும் அவசரமில்ல."

சோணைமுத்து அவசரப்படவில்லைதான். சீட்டை மேசைமேல் வைத்தான். பாண்டியம்மாள் முகத்தைப் பார்த்தேதான் சொன்னான். அதை நினைத்தால் இன்றும் அவளுக்கு நெஞ்சு ஆறாது.

"மொபெட்டுதேன்யா நின்னுச்சு. நாங் கண்ணால பாத்தேன்."

கண் தெரியாதவன் கண்ணால் பார்த்தேன் என்றதை ஏட்டு எழுதிக்கொண்டார்.

எல்லாரும் போனபிறகு ஏட்டு அவளைக் கூப்பிட்டார். அவரும் பெண்பிள்ளை பெற்றவர். "அழாதம்மா. ஒரு வழி சொல்றேன். வார்டு ஆபீசுல போயி ஒரு மனு குடு. அந்த எடத்துல எட்டு மாசமா உன் தள்ளுவண்டிதான் நின்னுச்சுன்னு அவங்க எழுதி சீல் வெச்சுக் குடுத்தா, இந்தச் சீட்டு செல்லாமப் போயிரும். ரெண்டு வாரம் பைலை மூடாம வெச்சிருக்கேன்."

மூன்று நாள் அலைந்தாள். பத்து ரூபாய் கொடுத்து மனு எழுதி வாங்கினாள். 'பொதுச் சாலையில் மேற்படி இடத்தில் எட்டு மாதங்களாகத் தினமும் என்னுடைய நான்கு சக்கரத் தள்ளுவண்டிதான் நின்றது என்பதை உண்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று இருந்ததை எழுதிக் கொடுத்தவன் படித்துக் காட்டினான். நல்லா அழுத்தி எழுதியிருக்கிறான் என்று அவளுக்குத் திருப்தி. கையெழுத்துப் போட்டாள். மீதி இருந்த சீட்டுகளையும் இணைத்துக் கொடுத்தாள்.

வார்டு ஆபீசர் சின்ன வயதுக்காரர். மனுவை முழுக்கப் படித்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மஞ்சச் சீட்டு. நாலு சக்கரம். மொபெட்டுக்கு எவனாவது நாலு சக்கரத்துச் சீட்டுப் போடுவானா? தள்ளுவண்டிதான் நின்னிருக்கு. தெளிவாத் தெரியுதே."

பாண்டியம்மாள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருபது நாளில் முதல்முறையாக ஒரு மனுஷன் கலரைப் பார்த்தான். "நல்லா இருப்பீகய்யா. ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும். அதத்தேன் எழுதிக் குடுங்கன்னு கேக்குறேன்."

"நாளைக்குக் காலைல ஆளுங்க வருவாங்கம்மா. எடத்தப் பாத்துட்டு, செய்ய வேண்டியதச் செய்வாங்க. நீ வண்டியோட அங்கயே இரு."

அவள் இருந்தாள். நாலாம் தேதி, மேற்கோரம். மகன் இல்லாததால் டீக்கடை ஆள் ஒருவர் கைகொடுத்து வண்டியை இழுத்துவிட்டார். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று புளி போட்டுத் துலக்கி, கொப்பரையைப் பளபளவென்று வைத்திருந்தாள். சக்கரம் நாலையும் துடைத்தாள். ஆட்களுக்கென்று தனியாகப் பத்து வடை எடுத்து மூடி வைத்தாள்.

ஒன்பது மணிக்கு வந்தது குப்பை லாரி. ஆறு பேர் இறங்கினார்கள். சூப்பர்வைசர் கையில் அவள் மனு இருந்தது.

"நீதானம்மா பாண்டியம்மா? இந்த வண்டிதான எட்டு மாசமா நிக்குது?"

"ஆமாங்கய்யா, இதேதேன்!" என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள்.

"ஏத்துங்கப்பா."

அவளுக்கு வாய் வருவதற்குள் இரண்டு பேர் சங்கிலியை அறுத்தார்கள். நாலு பேர் வண்டியைத் தூக்கினார்கள். சாம்பார் போசி சரிந்து வெள்ளைக் கோட்டின்மேல் கொட்டியது. கொப்பரை உருண்டு பட்டன் கடை வாசலில் போய் நின்றது. "அய்யா, எழுதித் தாரேன்னாகளே! எழுதித் தாரேன்னுல்ல சொன்னாக!" என்று அவள் லாரியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கடை முதலாளிகள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அவள் கையால் அரிசிம்பருப்புச் சாதம் தின்றவர்கள்தான். ஒருவர் மட்டும், "பாத்திரத்தையாச்சும் எறக்கிக் குடுங்கப்பா" என்றார். பாத்திரமும் இறங்கவில்லை.

"இந்தாம்மா, எழுதித்தான தர்றோம்" என்று சூப்பர்வைசர் ஒரு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். இன்ன இடத்தில் இன்று ஆக்கிரமிப்பாக நின்ற தள்ளுவண்டி ஒன்று எடுக்கப்பட்டது. தேதி நாலு.

"எட்டு மாசத்துக்கும் சேத்து எழுதுங்கய்யா."

"இன்னிக்கு எடுத்தா இன்னிக்குத் தேதிதான் போட முடியும்."

லாரி கிளம்பும்போது பொங்கியண்ணன் வந்தார். கொட்டிக் கிடந்த சாம்பாரை மிதிக்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்.

"அக்கா, நெம்ப வருத்தமா இருக்குதுங்க. நீங்களே மனுக் குடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்ளே." பிறகு சோணைமுத்து பக்கம் திரும்பினார். "ஏழு டு ஒம்பதுக்கு அக்காளுக்குச் சீட்டுப் போட்டாச்சா?"

"இல்லீங்க மொதலாளி."

"நின்ன வரைக்கும் போட்ரு."

சோணைமுத்து மஞ்சள் புத்தகத்தைத் திறந்தான். நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டுக் கிழித்து நீட்டினான். பாண்டியம்மாள் இடுப்புப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள். அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டான்.

அந்த ரசீதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது நாலாந் தேதிக்கு ஆதாரம்மா. பதினாலாந் தேதிக்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" என்றார். பைல் அன்று சாயங்காலமே மூடப்பட்டது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு ஆபீசுக்கு மொபெட் நின்றது, இன்னொரு ஆபீசுக்கு இட்லி வண்டி நின்றது. இரண்டுமே அவளுக்கு விரோதமாக நின்றன. பல்லடம் ரோட்டில் ரத்தத்தில் கிடந்த பிள்ளை எந்த ஆபீசிலும் இல்லை.

மறுநாள் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். அன்று டிஸ்சார்ஜ். ராஜ்கமல் சட்டை மாற்றிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டையை அக்குளில் வைத்து இரண்டு நாளாக நடந்து பழகியிருந்தான். "இங்க பாரும்மா" என்று எழுந்து நாலு எட்டு வைத்தும் காட்டினான். பக்கத்துக் கட்டில் பெரியவர் கை தட்டினார்.

"கேசு என்னம்மா ஆச்சு? ஏட்டய்யா எழுதிட்டாரா?"

வழியெல்லாம் ஒரு பொய் யோசித்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சீட்டைக் கொண்டுபோய் மேசைமேல் தானே வைத்ததை, சோணைமுத்து சொன்னதை, மனுவை, லாரியை, ஒன்றையும் மறைக்கவில்லை.

"நீதேன் குடுத்தியா?" என்று கடைசியில் கேட்டான்.

"நாந்தேன்யா குடுத்தேன். ஒன் வண்டிதேன்னு காட்டணும்னு குடுத்தேன்."

"அப்ப நான் ரோட்டுலயே போகல."

"சாமி, அப்படிச் சொல்லாதய்யா..."

"அந்தப் பத்தாயிரத்தையாச்சும் வாங்கியிருக்கலாம்ல?"

அந்த மேனேஜரைத் தேடிப் போய்விட்டுத்தான் அவள் பஸ் ஏறியிருந்தாள். அவர் கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம், அந்தம்மாளை உள்ளே விட வேண்டாம் என்று நெம்ப மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இதை மட்டும் அவள் மகனிடம் சொல்லவில்லை.

வார்டு கிளார்க் பெரிய நோட்டோடு வந்தார். பேர், வயது, ஊர் எல்லாம் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"ஆக்சிடெண்ட் கேசுன்னு போட்டிருக்கு. ஸ்டேஷன்ல கேட்டா, கேஸ் இல்ல, மூடியாச்சுங்கிறாங்க. கேஸ் இல்லாம அப்படிப் போட முடியாது. காயம் எப்படி ஆச்சுன்னு வேற எழுதணும். எப்படிம்மா ஆச்சு?"

பாண்டியம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிளார்க்கிடம் சொன்னான்.

"நின்ன வண்டியிலருந்து விழுந்துட்டேன்னு எழுதிக்கங்க சார்."

கிளார்க் நிமிராமல் அப்படியே எழுதினார். எழுதி முடித்து நோட்டை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, தன் பேரைப் போட்டாள்.